காடு மூடிய வரம்புகள்: வன்னிப் பெருநிலத்தின் வயலெல்லையும் வடிகாலும் பற்றிய ஒரு குறிப்பு

வன்னியின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் வன்னிமைகளின் வமிசத்தையும் போரையும் திறையையுமே தேடினர். வையாபாடல் போன்ற நூல்களும் குடியேறிய தலைவர்களைப் பாடுவனவேயன்றி, அவர்கள் உண்ட நெல்லுக்கு வாய்க்கால் வெட்டியவர் யாவர் என்று கூறுவனவல்ல. நீர்ப்பாசனத்தை ஆராய்ந்தோரும் அணைக்கட்டோடு நின்றுவிட்டனர். பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட நூலில் வவுனிக்குளத்தின் தொன்மையை விரிவாக ஆராய்கிறார். அவரது நோக்கும் அணையையும் துருசையுமே சார்ந்தது. அணைக்குக் கீழுள்ள வயலும் ஓர் ஆவணமே.

வன்னி நிலம் தாழ்ந்த மேடுகளும் ஆழமற்ற பள்ளங்களும் மாறிமாறி அமைந்தது. பள்ளத்தின் குறுக்கே மண்ணணை இட்டால் குளம். அதன் கீழே வயல். துருசினால் வெளிவரும் நீர் வயலின் மேட்டோரமாக ஓடும் வாய்க்காலிற் சென்று, வரம்புக்கு வரம்பு இறங்கி, பள்ளத்தின் தாழ்ந்த தடத்தில் கழிவாகத் திரண்டு, கீழேயுள்ள குளத்தை அடைகிறது. மேற்குளத்தின் கழிவு கீழ்க்குளத்தின் வரவு. ஆகவே இங்கு வரம்பு என்பது உடைமையைப் பிரிக்கும் கோடு மட்டுமன்று. நீரின் மட்டத்தைப் பேணும் கருவியுமாகும். துருசின் மட்டம் மாறாதவரை வாய்க்காலின் தடம் எளிதில் மாறாது; வாய்க்கால் மாறாதவரை வரம்பும் வெகுதூரம் நகராது.

எனினும் கண்ணிற்பட்ட வரம்பையெல்லாம் மத்தியகாலத்தது என்று துணிந்துவிடுதல் தவறு. காலபோகம் தோறும் உழவன் மண் அணைத்து வரம்பைப் புதுக்குகிறான். அதன் மண் சென்ற ஆண்டினது. அதன் இடமே பழையது. இவ்வேறுபாட்டை மறந்து எழுதப்படும் தொன்மைப் பெருமைகள் ஆராய்ச்சிக்கு உதவா. (அத்தகையவை நம்மிடையே குறைவில்லை.)

ஆசியாவில் நீர்ப்பாசனம் மத்திய அரசின் பணியாக இருந்தது என மாக்ஸ் 1853இல் இந்தியா பற்றி எழுதினார். அக்கருத்தை விற்போகல் 1957இல் 'கீழைத்தேயக் கொடுங்கோன்மை' என்னும் கோட்பாடாகத் திரித்தார். எட்மண்ட் லீச் 1959இலும் லெஸ்லி குணவர்த்தன 1971இலும் இலங்கைச் சான்றுகளைக் கொண்டு அதனை மறுத்தனர். வவுனியாவுக்குத் தெற்கே, நுவரகலாவியாவின் புல்எலிய என்னும் கிராமத்தை ஆராய்ந்து 1961இல் லீச் வெளியிட்ட நூல், குளமும் வாய்க்காலும் வயலும் நிலத்திற் பதித்த அமைப்பே உறவுமுறையின் வழக்குகளையும் கட்டுப்படுத்தியது என்று காட்டுகிறது. பௌதிக அடிப்படையின் வலிமையை மாக்ஸியர் அல்லாத ஒருவர் இவ்வளவு தெளிவாக நிறுவியது சுவையானதே. வன்னி இம்மறுப்புக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பொலநறுவை அரசு சிதைந்தபின் பெருங்குளங்கள் பல தூர்ந்தன. ஆனால் சிறுகுளங்களின் கீழ் வேளாண்மை முற்றாக அற்றுப்போகவில்லை. அதனைத் தாங்கியது அதிகாரிகளின் படையன்று, கிராமத்தின் கூட்டுழைப்பு. அக்கூட்டுழைப்பைச் சமத்துவமென்று மயங்கவும் வேண்டியதில்லை. சாதிப்படிநிலையின் அடியில் நின்றோர் மண் சுமந்தனர், அவர்தம் பெயர் எவ்விடத்தும் பொறிக்கப்படவில்லை.

குளங்கள் உடைந்ததற்கும் நிலமே சாட்சி. தண்ணிமுறிப்பு முதலிய ஊர்ப்பெயர்களிலுள்ள 'முறிப்பு' என்ற சொல் உடைப்பைக் குறிப்பது. குளம் உடைந்தால் வயல் கைவிடப்படும். சில தலைமுறைகளுள் காடு ஏறும். இவ்விடத்திலேதான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் குறுக்கிடுகிறது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவென்று அச்சட்டம் கருதியது. நிரூபிக்கும் சுமை உழவன் தலையில் விழுந்தது. உறுதி எழுதும் வழக்கமற்ற சமூகத்தில் அவன் காட்டக்கூடியதெல்லாம் மரங்களுக்கிடையே கிடந்த வரம்பே.

1902இல் தொடங்கிய இரணைமடுக் கட்டுமானமும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தைத் தொடர்ந்த குடியேற்றங்களும் வேறொரு நிலப்பிரிவைக் கொணர்ந்தன. நிலமற்றோர் பலர் அவற்றால் நிலம் பெற்றனர். அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அளவையாளரின் நேர்கோடு பழைய கழிவுத் தடத்தை எப்பொழுதும் பொருட்படுத்தியதில்லை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றிப் பெருவிவாதம் எழுந்தது. கதவைக் கடந்த நீர் செல்லவேண்டிய தடங்களும் அலைகரைகளும் அடைக்கப்பட்டமை பற்றி அத்துணைப் பேச்சு எழவில்லை.

2009இல் போர் முடிந்தபின் மீண்டோரிற் பலர் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் இழந்திருந்தனர். ஆளற்ற ஆண்டுகளில் வயல்கள் பற்றையாகிக் காடாயின. அவை வன எல்லைக்குள் அடக்கப்பட்டமை பற்றிய முறைப்பாடுகள் இன்றும் தொடர்கின்றன. 1840இன் வாதம் புதிய உடையில் வந்திருக்கிறது. கைவிடப்பட்ட குளங்களைக் குறித்துள்ள பழைய ஓரங்குல நிலவரைபடங்களைக் கையிற் கொண்டு, மாரி தொடங்கியவுடன் இக்காடுகளுக்குட் செல்லவேண்டும். வரம்பின் மேட்டில் மரம் நிற்கும். இரு வரம்புகளுக்கிடையே நீர் சதுரஞ் சதுரமாகத் தேங்கி நிற்கும்.