பழைய வேனில் ஏசி போட்டா 'கடகட' சத்தமா? மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, உத்திர வீதிப் பக்கம் போனா பழைய ஆம்னி வேன்களை இன்னிக்கும் பார்க்கலாம். 1984-ல் விற்பனைக்கு வந்து, 2019-ல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. வயசான இந்த மாதிரி வேன்களில் அடிக்கடி வர்ற தொல்லை, ஃபேன் போட்டதுமே டேஷ்போர்டுக்குள்ள இருந்து வரும் சத்தம்.

திருச்சி வெயிலுக்கு ஹீட்டர் யாரும் போடப் போறதில்லைதான். ஆனால் ஹீட்டர், ஏசி இரண்டும் இருக்கும் பெரும்பாலான வண்டிகளில் காற்றைத் தள்ளுவது ஒரே ஃபேன். அதுதான் ப்ளோயர். கொடைக்கானல், ஊட்டி சவாரியில் மழை பிடிச்சா முன் கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டுவதும் இதே ப்ளோயர்தான். கொண்டை ஊசி வளைவில் அது நின்னு போனா, எதிரே வர்ற பஸ் தெரியாது. அதனால இது வெறும் சத்தப் பிரச்னை இல்லை.

சத்தம் எங்கிருந்து வருது?

வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் செய்யுங்க. ப்ளோயரை 1, 2, 3 என்று கூட்டிப் பாருங்க. வேகத்தோட சத்தமும் கூடினா ப்ளோயர்தான் குற்றவாளி. இன்ஜின் ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால் பெல்ட், கம்ப்ரசர் பக்கம் பார்க்கணும்.

'சரசர', 'டக்டக்' சத்தம்னா உள்ளே ஏதோ விழுந்திருக்கு. வேப்பமரத்தடியில் நிறுத்துற வேனில் இது சகஜம். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற காற்றுத் துவாரம் வழியா சருகு இறங்கி ஃபேனில் மாட்டும். பழைய வண்டிகள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. எலி கொண்டு வந்து வச்ச பஞ்சும் பேப்பரும்கூட இருக்கலாம். இதுக்குப் புது மோட்டார் வாங்கச் சொன்னா சம்மதிக்காதீங்க, சுத்தம் செஞ்சாலே போதும்.

'கீச்'னு கத்தினா, மோட்டார் தண்டு சுத்துற புஷ் காய்ஞ்சிருக்கு. காலையில் முதல்முறை போடும்போது கத்திட்டு, கொஞ்ச நேரத்தில் அடங்கினா இன்னும் ஆரம்ப நிலைதான். டேஷ்போர்டே அதிர்ந்தா, ஃபேன் இதழ் உடைஞ்சிருக்கும், இல்லன்னா ஃபேன் தண்டில் லூஸாகியிருக்கும்.

கழற்றுவது எப்படி?

முதலில் பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றிடுங்க. ப்ளோயர் பெரும்பாலும் இடதுபக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும். ஏசியை வெளியில் பொருத்தின வேன்களில் இடம் மாறும். மேற்கூரை ஏசி உள்ள பெரிய வேன்களில் மேலேயே தனி ப்ளோயர்கள் இருக்கும், அதை மெக்கானிக்கிட்ட விடுறது நல்லது.

ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கி, சுத்தியிருக்கிற திருகுகளை எடுத்தா மோட்டார் ஃபேனோட கீழே இறங்கும். சருகை எடுத்துட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்க. ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க, தடையில்லாம ஓடணும். தண்டு பக்கவாட்டில் ஆடினா புஷ் தேய்ஞ்சாச்சு. எண்ணெய் விட்டாலும் நிக்காது, மோட்டாரை மாத்தத்தான் வேணும்.

ஆடலைன்னா, தையல் மெஷின் எண்ணெய் ஒண்ணு ரெண்டு சொட்டு புஷ்ஷில் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோட சேர்ந்து பிசினாகிடும். துரு எடுக்கிற ஸ்ப்ரேயும் நாலு நாளைக்குத்தான். எண்ணெய் கார்பன் பிரஷ் பக்கம் போகவே கூடாது.

கருகல் வாசனை வந்தா?

உடனே ப்ளோயரை ஆஃப் பண்ணுங்க. இறுகிப்போன மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், ஒயரும் சாக்கெட்டும் சூடாகி உருகும். ஃப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஆம்பியர் ஃப்யூஸோ, கம்பியோ போட்டு ஓட்டுறது தீயைக் கூப்பிடுற வேலை. கடைசி வேகத்தில் மட்டும் ஃபேன் ஓடுதுன்னா மோட்டார் சரியாத்தான் இருக்கு, போனது ரெசிஸ்டர். மோட்டாரைவிட அது மலிவு.

புது மோட்டார் போட்ட பிறகு சத்தமில்லை, ஆனா காற்றும் குறைவா வருதா? ஒயர் இரண்டும் இடம் மாறியிருக்கலாம். ஃபேன் தலைகீழாச் சுத்தும்போதும் கொஞ்சம் காற்று வரும் என்பதால பலர் இதைக் கவனிக்கிறதில்லை. ஒயரை மாத்திக் கொடுத்தா சரியாகிடும்.