வாயு வண்ணப்பிரிகையும் அசைபோடும் விலங்குகளின் செரிமான ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அறிவியல் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் ஒரே போக்கில் எழுதப்படுகிறது. வேதியியலார் ஒரு முறையைக் கண்டறிந்தனர். பின்னர் வேளாண்மையும் கால்நடையியலும் அதனைப் பயன்படுத்திக்கொண்டன என்பதே அப்போக்கு. வாயு வண்ணப்பிரிகையைப் பொறுத்தவரை இக்கூற்று முழுமையானதன்று. அம்முறை விடையளிக்க வேண்டிய வினாக்களை அசைபோடும் விலங்குகள் முன்னரே எழுப்பியிருந்தன. வினாவுக்கும் முறைக்கும் இடையிலான அவ்வுறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினாவின் தோற்றம்

மாடு, ஆடு முதலியவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் முதலான ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. 1880களிலேயே டாப்பைனர் இந்நொதித்தலை விளக்கியிருந்தார். எனினும் அவ்வமிலங்கள் உடலுக்கு எவ்வளவு பயன்படுகின்றன என்பது நெடுங்காலம் தெளிவுபெறவில்லை. கேம்பிரிட்ஜில் பார்கிராஃப்ட், மெக்கானலி, பிலிப்சன் ஆகியோர் 1944இல் வெளியிட்ட ஆய்வு, அவை முதல் இரைப்பையின் சுவர் வழியாகவே இரத்தத்தில் கலப்பதை நிறுவியது. கழிவென எண்ணத்தக்க பொருள் விலங்கின் முதன்மையான ஆற்றல் மூலமாக அறியப்பட்டது.

இதனால் வினா மாறியது. அமிலம் உண்டா என்பதன்று, எந்த அமிலம் எவ்வளவு என்பதே அறியவேண்டியதாயிற்று. காய்ச்சி வடித்தல் மொத்த அளவை எளிதில் தந்தது. தனித்தனி அளவைப் பெறுவதோ கடினம். எல்ஸ்டன் 1946இல் சிலிக்கா கூழ்மப் பங்கீட்டு வண்ணப்பிரிகையை இதற்குப் பயன்படுத்தினார்.

முறையின் பிறப்பு

நகரும் நிலைமை வாயுவாகவும் இருக்கலாம் என மார்ட்டினும் சிஞ்சும் 1941ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருந்தனர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அக்குறிப்பு கவனம் பெறவில்லை. லண்டன் மில்ஹில் ஆய்வு நிறுவனத்தில், வெள்ளாட்டின் பால்கொழுப்பு அசிட்டேட்டிலிருந்து உருவாவதை ஆராய்ந்துவந்த பொப்ஜாக், கொழுப்பு அமிலங்களைப் பிரிக்க நுட்பமான வழியொன்றை மார்ட்டினிடம் நாடினார். மார்ட்டினும் ஜேம்ஸும் பழைய கருத்துக்குத் திரும்பினர். 1952இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை, ஃபார்மிக் அமிலம் முதல் 12 கார்பன் கொண்ட அமிலம் வரையிலான கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டியது. முறையின் முதற்பொருளே முதல் இரைப்பையின் விளைபொருளாகவும் அமைந்தது. பங்கீட்டு வண்ணப்பிரிகைக்காக அதே ஆண்டில் மார்ட்டினுடன் நோபல் பரிசு பெற்ற சிஞ்ச், அப்போது கால்நடை ஊட்டவியலுக்குப் பெயர்பெற்ற அபர்டீன் ரோவெட் நிறுவனத்தில் பணியாற்றிவந்தார்.

ஆய்வுக்கூடங்களில் பரவல்

இரைப்பைச் சாற்றில் பெரும்பகுதி நீர். 1950களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித்தனியே உருவான சுடர் அயனியாக்க உணர்கருவி, நீருக்குப் பெரும்பாலும் எதிர்வினை காட்டாமல் கரிமச் சேர்மங்களை உணர்ந்தது. எர்வின், மார்கோ, எமரி ஆகியோர் 1961இல் இரத்தத்துக்கும் இரைப்பைச் சாற்றுக்குமான வாயு வண்ணப்பிரிகை முறையை வெளியிட்டனர். சாற்றுடன் மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்துப் புரதத்தை வீழ்படிவாக்கி, மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த நீர்மத்தை நேரடியாகக் கருவியில் செலுத்துவது இவ்வாய்வில் வழக்கமாயிற்று.

இதன் பயன் தீவன ஆய்வில் வெளிப்பட்டது. நார்த்தீவனம் மிகும்போது அசிட்டேட்டின் பங்கும், தானியம் மிகும்போது புரோப்பியோனேட்டின் பங்கும் உயர்வதை வழக்கமான சோதனையாலேயே அளவிட முடிந்தது. முன்னது பால்கொழுப்புக்கும் பின்னது குளுக்கோஸ் உருவாக்கத்துக்கும் மூலப்பொருள் ஆதலால், தீவனத்தின் மதிப்பு அமில விகிதத்தாலும் அறியப்பட்டது. வோலின் 1960இல் வகுத்த நொதித்தல் சமன்பாடு, அவ்விகிதத்திலிருந்து மீத்தேன் அளவைக் கணிக்கவும் வழிசெய்தது.

அளவீட்டின் எல்லை

எனினும் வண்ணப்பிரிகை வரைபடம் காட்டுவது செறிவை, உற்பத்தியை அன்று. ஒரு கணத்தில் சாற்றிலுள்ள அமிலம் என்பது உருவானதிலிருந்து உறிஞ்சப்பட்டதும் வெளியேறியதும் போக எஞ்சியதே. உறிஞ்சுதல் விரைந்தால் உற்பத்தி மிக்கிருந்தும் செறிவு குறையலாம். இரைப்பையிலுள்ள நீரின் அளவு மாறினாலும் எண் மாறும். உற்பத்தி வீதத்தை அறிய கார்பன்-14 கொண்ட ஓரிடத்தான் நீர்த்தல் முறை தேவைப்பட்டது இதனாலேயே. செறிவை உற்பத்தியாகக் கொள்ளும் ஆய்வு, தீவனத்தைத் தவறாக மதிப்பிடும் வாய்ப்பு உண்டு.

முடிவுரை

வாயு வண்ணப்பிரிகை கால்நடையியலுக்குக் கடனாக வந்த கருவியன்று. அதன் பிறப்பிலேயே ஆட்டின் பாலும் செரிமானமும் பங்குகொண்டுள்ளன. அது அமிலங்களின் விகிதத்தைத் தெளிவாகக் காட்டியது. ஆனால் அவ்விகிதத்தின் பொருளை விலங்கின் உடலியலே தீர்மானிக்கிறது. வினாவைப் பிறப்பித்த உடலியலிடமே கருவியின் விடையும் மீண்டும் பொருள் தேடவேண்டியுள்ளது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.