நுழைவுக் கட்டணம் யாருக்கு?

டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கால்பந்து, கபடித் தொடர் நோட்டீஸ்களில் 'நுழைவுக் கட்டணம்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். காவிரி டெல்டாவுக்குப் புதிதாக வந்தவர் அதைப் படித்துவிட்டு, ஊர்ப் பையன்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க இவ்வளவு காசா என்று திகைக்கக்கூடும். அந்தப் பணம் பார்க்க வருகிறவர் கட்டுவதில்லை, ஆட வருகிற அணி கட்டுவது. வேடிக்கை பார்ப்பவர் வரப்பிலோ மதிலிலோ வேப்பங்கிளையிலோ இடம் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதே சொல்லை மேற்கே கேரளத்து மலபாரில் இருக்கும் மலப்புறத்துக்குக் கொண்டுபோனால் ஆள் மாறிவிடுகிறது. அங்கே எழுவர் கால்பந்துக்கு, அவர்கள் பேச்சில் 'செவன்ஸ்', பார்வையாளர்தான் சீட்டு வாங்குகிறார். ஆடுகிறவருக்குப் பணம் போகிறது. இங்கே ஆடுகிறவன் கட்டுகிறான், பார்க்கிறவன் சும்மா பார்க்கிறான். அங்கே நேர் எதிர். இரண்டும் நெல் விளையும் பூமி, இரண்டு பக்கமும் ஆட்டப் பைத்தியத்துக்குக் குறைவில்லை. இருந்தும் இந்தத் தலைகீழ் எப்படி வந்தது?

எங்கள் பக்கத்துக்குத் திருக்கடையூரையே எடுத்துக்கொள்கிறேன். ரசீது என்றால் என்னவென்று அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அறுபது நிறைந்தவர்கள் சஷ்டியப்தபூர்த்திக்கும், எழுபதில் பீமரத சாந்திக்கும், எண்பது கடந்தவர்கள் சதாபிஷேகத்துக்கும் வந்து, அமிர்தகடேஸ்வரர் சந்நிதியில் பேரப்பிள்ளைகள் பார்க்க மறுபடி தாலி கட்டிக்கொள்ளும் ஊர். ஒவ்வொரு சாந்திக்கும் கட்டணம் உண்டு, அதற்கு ஒரு சீட்டு உண்டு. ஆனால் அந்த ஊரின் மிகப் பெரிய விளையாட்டுக் காட்சிக்குச் சீட்டு கிடையாது. காணும் பொங்கலன்று தரங்கம்பாடிச் சாலையில் ஓடும் மாட்டுவண்டி, குதிரைவண்டி எல்கைப் பந்தயத்தைச் சொல்கிறேன். வண்டிகள் எல்கையைத் தொட்டுத் திரும்பும்வரை சாலையின் இருபுறமும் மனிதச் சுவர்தான். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் துரத்தும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் இந்தக் கூட்டத்துக்கு எந்த இடத்தில் வாசல் வைத்து யார் சீட்டுக் கிழிப்பது?

சாலையை விட்டுத் திடலுக்கு வந்தாலும் இதே சிக்கல்தான். மலபாரில் செவன்ஸ் வளர்ந்தது அறுவடை முடிந்த நெல்வயல்களில். அங்கே வயலுக்குப் பெயர் கண்டம். ஒருவருக்குச் சொந்தமான கண்டத்தைச் சில மாதம் வாங்கிக்கொண்டு, சுற்றித் தகரமோ படுதாவோ அடைத்து, கமுகு மரத்தையும் மூங்கிலையும் கட்டிக் கேலரி எழுப்பிவிடலாம். தென்மேற்குப் பருவமழை வரும்வரை அந்த நிலத்துக்கு வேறு வேலையில்லை. நம் வயலுக்கு அந்த ஓய்வு கிடையாது. சம்பாக் கதிர் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈர மண்ணில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவோம். தை, மாசியில் தாளுக்கு நடுவே பயறு தலைதூக்கியிருக்கும். அதில் பந்தை உருட்டினால் நிலத்துக்காரர் பந்தோடு சேர்த்துப் பையனையும் பிடித்துக்கொள்வார். ஆகவே எங்கள் ஆட்டமெல்லாம் பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானத்தில், கோயில் திடலில், குளத்துமேட்டுப் புறம்போக்கில். எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வேலி அடைத்துக் காசு கேட்டால் முதல் கேள்வியே 'இது யார் வீட்டு இடம்?' என்பதாகத்தான் இருக்கும்.

ஆனால் நிலத்தை மட்டும் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. இதே டெல்டாக்காரர்கள் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கி மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள். நாடகக் கொட்டகைக்குக் காசு கொடுத்தார்கள், சர்க்கஸ் கூடாரத்துக்குக் கொடுத்தார்கள். காசு கொடுத்துக் காட்சி பார்ப்பது தெரியாத ஜனமல்ல. வெளியூரிலிருந்து வந்து ஆடிக் காட்டுகிறவனுக்குக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பையன் கோல் போடுவதற்குச் சீட்டு வாங்குவது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி டிக்கெட் வாங்குவது போலத்தான் அவர்களுக்குப் படுகிறது. சொந்தக்காரருக்குக் கொடுப்பதற்கு நம்மிடம் வேறு வழிகள் இருக்கின்றன: மொய், உபயம்.

அந்த நோட்டீஸை இன்னொரு தடவை பாருங்கள். முதல் பரிசு 20,001 ரூபாய், இரண்டாம் பரிசு 15,001 ரூபாய் என்று இருக்கும். அந்த ஒற்றை ரூபாய் மொய்ப் பழக்கத்திலிருந்து வந்தது. கீழே ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு பெயர்: முதல் பரிசு இன்னார், கோப்பை அவர் தம்பி, பந்து சிங்கப்பூரிலிருந்து ஒருவர், சாப்பாடு அரிசி மண்டிக்காரர். மண்டகப்படிக்கு மண்டகப்படி உபயதாரர் பெயர் போடும் திருவிழா அழைப்பிதழின் அச்சு இது. சுவாமி புறப்பாட்டுக்கும் திருவிழா நாகஸ்வரத்துக்கும் யாரும் சீட்டு விற்றதில்லை. செலவை ஒருவர் ஏற்பார், ஊர் பார்க்கும், ஏற்றவர் பெயரை ஊர் கேட்கும். ஆட்டமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

மலபாரின் கணக்குக் கொட்டகைக் கணக்கு. மாதக்கணக்கில் நீளும் தொடர், பெரும்பாலும் இரவுக்கு ஓர் ஆட்டம், மின்விளக்கு வெளிச்சம். அணிக்கு ஊர்ப் பெயர் இருக்கும், ஆடுபவர் அந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் என்று ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்கள் வந்து ஒரு பருவம் ஆடிவிட்டுப் போகிறார்கள். 2018-இல் வந்த 'சூடானி ஃப்ரம் நைஜீரியா' என்ற மலையாளப் படம் இந்த உலகத்தைத்தான் காட்டியது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஊர் அவர்களைச் 'சூடானி' என்றே கூப்பிடும். கூப்பிடும் பெயரில்கூட அந்நியம் ஒட்டியிருப்பதால்தானோ என்னவோ, அங்கே சீட்டுக்குக் காசு கொடுக்க யாருக்கும் கூச்சமில்லை.

சீட்டு நுழைந்த இடத்தில் ஆட்டம் பழையபடி இருப்பதுமில்லை. 1872 மார்ச் 16 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு நுழைவு ஒரு ஷில்லிங். வந்தவர்கள் சுமார் 2,000 பேர். ஆடியவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. 1885-இல் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தருவதை அங்குள்ள கால்பந்துச் சங்கமே அனுமதிக்க வேண்டியதாயிற்று. வாசலில் காசு சேர்வதைப் பார்த்த பிறகு உள்ளே ஓடுகிறவன் எத்தனை நாள் சும்மா ஓடுவான்? நம் நாட்டில் 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்ற இறுதி ஆட்டத்துக்கும் சீட்டு உண்டு. அது கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போயிற்று. உள்ளே நுழைய முடியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு கோல் கணக்கைப் பட்டம் விட்டுத் தெரிவித்தார்கள். சீட்டு வெளியே நிறுத்திய கூட்டத்துக்கு வானத்தில் ஓர் இலவச கேலரி.

சரி, எது மேல்? கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பொறுத்தவரை நான் சீட்டின் பக்கம்தான். மலப்புறத்தில் அந்தப் பணம் வலிதணிப்பு மருத்துவத்துக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் போவதுண்டு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காசு கொடுத்தவன் வாய் திறக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நான் பார்த்த ஓர் இறுதி ஆட்டம் மாலை நான்கு மணிக்குத் தொடங்குவதாக நோட்டீஸ். பரிசு கொடுக்கிறவர் வந்து இரு அணிக்கும் கை கொடுத்தால்தான் பந்தை உருட்டலாம் என்று ஐந்தே முக்கால்வரை பையன்களை வரிசையில் நிறுத்தி வைத்தார்கள். அவர் வந்தார், பொன்னாடை போர்த்தினார்கள், பேசினார். இரண்டாம் பாதியில் பந்து இருட்டில் போயிற்று. கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சும்மா பார்க்க வந்தவன் எந்த முகத்தோடு கேட்பான்? உபயதாரருக்காகத்தான் ஆட்டம், நாங்கள் கூடவே இருந்தோம், அவ்வளவுதான். பத்து ரூபாய்ச் சீட்டு கையில் இருந்திருந்தால் அந்த மைக்கை யாராவது பிடுங்கியிருப்பார்கள்.

சீட்டு பேராசையையும் கூட்டி வரும் என்பதையும் மறைக்கவில்லை. 2022 மார்ச் 19 அன்று மலப்புறம் மாவட்டம் வண்டூர் அருகே பூங்ஙோட்டில் செவன்ஸ் இறுதி ஆட்டத்தன்று தற்காலிகக் கேலரி கூட்டம் தாங்காமல் சரிந்து ஏராளமானோர் காயப்பட்டார்கள். கமுகு மரம் எத்தனை பேர் கனத்தைத் தாங்கும் என்று எண்ணாமல் ஆளை ஏற்றினால் அப்படித்தான் ஆகும். நம் வேப்பங்கிளையும் சில நேரம் முறிவதுண்டு, ஆனால் அதற்கு யாரும் டிக்கெட் விற்றிருக்கமாட்டார்கள்.

நம் ஊர்ப் பார்வையாளரும் காசே எடுக்காதவர் என்று சொல்லிவிட முடியாது. ஜெயித்த பையனின் சட்டையில் பத்து, இருபது ரூபாய் நோட்டை ஊக்கில் குத்துவார். யாருக்காவது கால் முறிந்தால் துண்டை விரித்து வரிசையில் கொண்டு வருவார்கள், அதில் ஐம்பதோ நூறோ போடுவார். கூட்டிப் பார்த்தால் ஒரு சீட்டின் விலைக்குக் குறையாது. ஆட்டம் முடிந்த பிறகு, மனம் வந்தால், தன் கையாலேயே கொடுப்பார். முன்கூட்டிக் கேட்டால்தான் கோபம் வரும்.

காணும் பொங்கலன்று திருக்கடையூரில் சதாபிஷேகம் முடித்துத் திரும்பும் வேன்களைப் பந்தயத்துக்காகப் போலீஸார் ஓரங்கட்டுவதுண்டு. கழுத்தில் மாலை வாடாத கிழவரும் கிழவியும் இறங்கி, கோயில் ரசீதைப் பையில் மடித்து வைத்தபடி, மாட்டு வண்டிகள் வரும் திசையை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முன்னால் நிற்கும் பையன்கள் தாத்தாவுக்கு வழிவிடுவார்கள்.