பாத்ரூம் கண்ணாடிக் கதவு வழியா தண்ணீர் கசியுதா? ஆளைக் கூப்பிடும் முன் இதை பாருங்க!

குளிச்சு முடிச்சு வெளியே வந்தா மிதியடி நனைஞ்சு கிடக்கும். நாளடைவில் பெட்ரூம் மரநிலையின் அடிப்பகுதி ஊறி உப்பும். ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு போட்ட பல வீடுகளில் இதுதான் நிலைமை. வயசானவங்க இருக்கும் வீட்டில் ஈரத் தரை வழுக்கி விழுந்தா, செலவு கதவோடு நிற்காது.

திண்டுக்கல்லில் இதற்கு முக்கிய வில்லன் உப்புத் தண்ணீர். ஆத்தூர் காமராஜர் அணை தண்ணீர் குடிக்க வருகிறது; குளிக்க, துவைக்க பல வீடுகளில் போர் தண்ணீர்தான். கருங்கல் பூமி, போதாக்குறைக்கு தோல் பதனிடும் ஆலைக் கழிவு பாதித்த பகுதிகள் வேறு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீர் தினமும் காய்ந்தால், வெள்ளைக் கறை கல் மாதிரி படியும்.

எங்கே கசியுதுன்னு எப்படி கண்டுபிடிப்பது?

கதவு, தரை எல்லாத்தையும் துணியால் நல்லா துடைச்சு காய விடுங்க. வெளிப்பக்கம் ஓரமா டிஷ்யூ பேப்பர் வையுங்க. ஷவரைத் திறக்காம, உள்ளே இருந்து மக்கால் கீழ் சேனலில் மட்டும் ஊற்றுங்க. பேப்பர் நனைஞ்சா சேனல்தான் பிரச்சினை. நனையலையா? அடுத்து சுவரோடு சேரும் ஓரம், கடைசியா இரண்டு கண்ணாடி ஒன்றன் மேல் ஒன்று வரும் இடம்.

கீழ் சேனலின் உட்பக்கத்தில் சின்னச் சின்ன துளைகள் இருக்கும். சேனலில் விழும் தண்ணீர் திரும்ப உள்ளேயே வடியத்தான் அவை. உப்பும் சோப்பும் அடைச்சுக்கிட்டா தண்ணீர் நிரம்பி வெளிப்பக்கம் வழியும். நிறைய பேர் இது தெரியாம துளை மேலேயே சிலிகான் பூசிடுறாங்க. கசிவு இன்னும் கூடும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து 20 நிமிஷம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ், பல்குச்சி வைச்சு சுத்தம் பண்ணலாம். டாய்லெட் ஆசிட் வேண்டாம், அலுமினியத்தை அரிச்சுடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். வாசல் தடுப்பு கடப்பா கல் அல்லது மார்பிள் என்றால் வினிகரும் ஆகாது, கல் மங்கிடும்.

சுவர் ஓரம் கசிந்தால் பழைய சிலிகானை முழுசா சுரண்டி எடுங்க. மேலேயே பூசினா ஒட்டாது. பூஞ்சை தாங்கும் நியூட்ரல் சிலிகான் கேட்டு வாங்குங்க. பூசிய பின் ஒரு நாள் முழுக்க ஷவர் பக்கம் போகக் கூடாது. ஓரத்து பி.வி.சி. சீல் கிழிந்திருந்தா பழசில் ஒரு துண்டு வெட்டி கடைக்கு எடுத்துட்டுப் போங்க. கண்ணாடி தடிமன் 6, 8, 10 மி.மீ. என மாறும், அளவு தவறினா சீல் நிற்காது.

கதவை மூடும்போது மேலே ஒட்டி, கீழே இடைவெளி தெரிந்தால் ரோலர் இறங்கியிருக்கு. ரோலர் ஸ்குருவைத் திருகி உயரத்தை சரிசெய்யலாம். ஆனா கதவை ஒற்றை ஆளாக தூக்காதீங்க. 8 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ. ஒரு கதவே 28 கிலோ வரை வரும். டஃபன்டு கண்ணாடியின் முனை தரையில் தட்டினா மொத்தமும் பொடியா உதிரும். அதை வெட்டவோ துளைபோடவோ முடியாது, புதுசுதான் வாங்கணும்.

கதவு மாற்றி மாட்டியிருக்கலாம்!

இரண்டு கதவும் நகரும் வகையில், ஷவர் இருக்கும் பக்கத்துக் கண்ணாடி உள்பக்கம் வரணும். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவது மாதிரி. தலைகீழா மாட்டியிருந்தா தண்ணீர் நேரா இடுக்கில் அடிக்கும். எத்தனை சீல் போட்டாலும் கேட்காது.

எல்லாம் செய்தும் நிற்கலையா? வாசல் தடுப்புக் கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்க. அது வெளிப்பக்கம் ஓடினால் கதவைக் குறை சொல்லிப் பயனில்லை. வாட்டம் தப்பு, கொத்தனாரைத்தான் கூப்பிடணும். வாடகை வீடுன்னா கல்லைப் பெயர்க்கும் முன் வீட்டு ஓனரிடம் இந்த சோதனையை நேரில் செய்து காட்டிடுங்க.