எண்ணிக்கையிலிருந்து நிகழ்தகவுக்கு: ரெங்கம் மாணவரின் இருமொழிப் பாதை

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள ரெங்கம், தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாம் ஆண்டுவரை கணிதத்தைத் தமிழில் கற்று, இடைநிலைப்பள்ளியில் அதனை மலாய்மொழியில் தொடர்கின்றனர். அம்மாற்றத்தின் இருபுறமும் பிரிந்து கிடக்கும் ஒரு கருத்து நிகழ்தகவு ஆகும். அவ்விரு பகுதிகளையும் இணைக்கவல்லது ஒப்பீட்டு நிகழ்வெண் என்பதனையும், அவ்விணைப்பில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதனையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைத்திட்டத்தில் நிகழ்தகவு

ஒருங்கிணைந்த இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில் நிகழ்தகவு நான்காம், ஐந்தாம் படிவங்களுக்குரிய பாடமாக இருந்தது. 2017இல் தொடங்கிய தரநிலைக் கலைத்திட்டம் அதனைக் கீழிறக்கியது. 2018 முதல் பதினான்கு வயதினரான இரண்டாம் படிவ மாணவர் அதனைப் பயிலலாயினர். தொடக்கப்பள்ளியிலும் மாற்றம் நேர்ந்தது. 2003இல் ஆங்கிலத்துக்கு மாறியிருந்த தமிழ்ப்பள்ளிக் கணிதம், 2009ஆம் ஆண்டு அமைச்சரவை முடிவையடுத்துப் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. அதன்பின் திருத்தப்பட்ட கலைத்திட்டம் 2022இல் ஆறாம் ஆண்டை எட்டியபோது, நிகழக்கூடியவை பற்றிய பாடம் அவ்வாண்டில் இடம்பெற்றது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. ஆறாம் ஆண்டுப் பாடத்தில் எண் இல்லை. நிச்சயம், இயலாது, மிகுதியும் இயலும் என்னும் சொற்களே உள்ளன. எண், இரண்டாம் படிவத்தில் 'கெபாராங்காலியான்' என்னும் மலாய்ச் சொல்லோடு வருகின்றது. சொல் தமிழிலும் எண் மலாயிலும் அமைய, இடையே ஓராண்டு இடைவெளி விழுகின்றது. 'மிகுதியும்' என்பது எப்படி 0.8 ஆகின்றது என்னும் படியைத் தமிழில் காட்டுவார் இல்லையெனில், மாணவர் வாய்பாட்டை மட்டும் மனனம் செய்ய நேரிடும்.

சொற்கள் கூறும் வரலாறு

மலாய்ச் சொல்லின் வேர் 'பாராங்காலி', அதாவது 'ஒருவேளை' என்பதாகும். அது அறிபவரின் ஐயத்தைச் சுட்டுகின்றது. தமிழ்ச் சொல்லோ நிகழ்வின் தகவை, அதாவது தகுதியைச் சுட்டுகின்றது. ஐரோப்பாவிலும் இவ்விரட்டைப் பொருள் உண்டு. அங்கு வழங்கும் சொல்லின் இலத்தீன் மூலம் முதலில் 'ஏற்கத்தக்கது' என்றே பொருள்பட்டது. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பங்கீடு குறித்துக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்தே அது கணக்கீட்டின் பொருளாக வளரத் தொடங்கியது. முயற்சிகள் பெருகப் பெருக ஒப்பீட்டு நிகழ்வெண் நிகழ்தகவை அணுகும் என்பதனை ஜேக்கப் பெர்னோலி நிறுவினார். அவர் மறைந்து எட்டாண்டு கழித்து, 1713இல், அந்நூல் வெளிவந்தது. கோல்மோகொரோவ் இத்துறைக்கு அடிகோள் முறையில் வடிவம் தந்தது 1933இல்தான். அறிஞருலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்ட வழியை மாணவர் ஒரே இயலில் கடக்கின்றனர் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

கலைச்சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழகப் பாடநூல்கள் 'நிகழ்வெண்' என்பதனை இலங்கைப் பாடநூல்கள் 'மீடிறன்' என்கின்றன. எச்சொல்லை ஏற்பினும் பொருள் ஒன்றே: ஒரு விளைவு எத்தனை முறை நேர்ந்தது என்பதாகும். அதனை மொத்த முயற்சிகளால் வகுக்கக் கிடைப்பது ஒப்பீட்டு நிகழ்வெண்.

நாணயமும் சோழியும்

ஜான் கெரிக் என்னும் தென்னாப்பிரிக்கக் கணிதவியலார் 1940இல் டென்மார்க்கில் ஜெர்மானியப் படையெடுப்பில் சிக்கி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டிப் பதிவு செய்து, 1946இல் நூலாக வெளியிட்டார். முதல் 10 முறையில் தலை 4. 100 முறையில் 44. 10,000 முறையில் 5,067. விகிதம் 0.4, 0.44, 0.5067 என அரையை நெருங்குகின்றது. ஆனால் பாதியிலிருந்து எண்ணிக்கையின் விலகலோ 1, 6, 67 என வளர்ந்துள்ளது. நாணயம் பழைய குறையை ஈடுசெய்வதில்லை. முயற்சிகளின் பெருக்கத்தில் அக்குறை சிறுத்துப்போகின்றது.

இவ்வேறுபாடு வகுப்பறைக்கு வெளியிலும் பயனுடையது. நம் நாட்டில் 'நாலு நம்பர்' எடுப்போர் பலர், நெடுநாள் விழாத எண் இனி விழுந்தே தீரும் என நம்புகின்றனர். குலுக்கலுக்கு நினைவில்லை. கெரிக்கின் அட்டவணையைப் புரிந்துகொண்ட மாணவர் அந்நம்பிக்கையின் பிழையைத் தாமே காண்பர்.

நாணயத்துக்கு அரை என்பதனை அதன் சமச்சீரிலிருந்தே ஊகிக்கலாம். ஆதலால் அதனை மட்டும் கொண்டு கற்பித்தால், எண்ணுவது வீண்வேலையாகத் தோன்றும். தாயத்தில் உருட்டும் சோழி அத்தகையதன்று. அது வாய் மேல்நோக்கி விழும் தகவை வடிவம் கண்டு கூற இயலாது. எண்ணியே அறிதல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் 20 முறை உருட்டி, 30 பேரின் முடிவுகளைக் கூட்டினால் 600 முயற்சிகள் கிடைக்கும். தனியர் விகிதங்கள் சிதறியிருக்க, வகுப்பின் மொத்த விகிதம் நிலைகொள்வதை அவர்கள் காண்பர்.

ரெங்கத்துக்கு மழையும் ஓர் எடுத்துக்காட்டாகும். பட்டை நனைந்தால் பால்மரம் சீவ இயலாது. மழை நாளென்பது கூலி இழந்த நாள். பெற்றோரும் பாட்டன்மாரும் அறிந்த இவ்வினாவை மழைநாட் பதிவாக மாணவர் தொடரலாம். எனினும் மழை மிகுந்த மாதங்களின் விகிதத்தை மழை குறைந்த மாதங்களுக்குப் பொருத்தலாகாது. சூழல் மாறினால் விகிதமும் மாறும். ஒப்பீட்டு நிகழ்வெண்ணின் எல்லையையும் இது கற்பிக்கும்.

முடிவுரை

இரண்டாம் படிவப் பாடம் சோதனைவழி நிகழ்தகவில் தொடங்குவது நற்பேறாகும். ஆறாம் ஆண்டு இறுதியிலேயே, சோழியை உருட்டிப் பின்னமாக எழுதும் பயிற்சியைத் தமிழில் அளிப்பின், மாணவர் அடுத்த பள்ளியில் காண்பது புதிய சொல்லாக மட்டுமே இருக்கும். கருத்து முன்பே அவர்தம் உடைமையாகியிருக்கும். 'மிகுதியும் இயலும்' என்று எழுதும் மாணவரிடம் 'எத்தனையில் எத்தனை?' என வினவுதல் கணித ஆசிரியர்க்கு மட்டுமன்றித் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையாகும்.