முதல் டிவிடெண்டுக்கு 31 வருஷம்

எங்க வீட்டுல டிவிடெண்டுன்னா ஒரு தபால் கவர். வருஷத்துக்கு ஒருமுறை அப்பா பேருக்கு வரும். உள்ளே நூத்திச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு வாரண்ட். அதை பேங்க்ல போட்டுட்டு வர்ற ஆட்டோ காசுக்கே சரியாப் போச்சுன்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்க. அப்பா கண்டுக்க மாட்டார். "காசு குடுக்குற கம்பெனிதான்டா நல்ல கம்பெனி"ம்பார்.

நான் சம்பளம் வாங்க ஆரம்பிச்சு, ஷேர் பார்க்க ஆரம்பிச்சப்போ, முதல்ல தேடினதும் டிவிடெண்டைத்தான். பயோடெக் கம்பெனிகள் பக்கம் போனா, அந்த இடத்துல பெரும்பாலும் சைபர். அப்போ இதெல்லாம் மோசமான கம்பெனியா? அந்தக் கேள்விதான் இன்னிக்கு எபிசோட். பதில் ரெண்டு அமெரிக்க கம்பெனிகளின் கதையில் இருக்கு.

முதல் கம்பெனி ஆம்ஜென். 1980-ல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. என்ன தயாரிக்கப் போறோம்னு அவங்களுக்கே அப்போ தெளிவா தெரியாது. கோழியைச் சீக்கிரம் வளர்க்க முடியுமா, இண்டிகோ சாயத்தை நுண்ணுயிரை வெச்சுத் தயாரிக்க முடியுமா, பாறையில இருந்து எண்ணெய் எடுக்க முடியுமான்னு எல்லாத்தையும் முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. 1983-ல் ஒரு பங்கு 18 டாலர்னு ஐ.பி.ஓ. வந்து, சுமார் 4 கோடி டாலர் திரட்டினாங்க. விற்க ஒரு மருந்துகூட கையில் இல்லாத நேரம் அது.

அதே காலகட்டத்தில் ஃபூ-குவென் லின் என்ற விஞ்ஞானியின் குழு, எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தது. உடம்பில் சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் ஹார்மோன் இது. சிறுநீரகம்தான் இதைச் சுரக்கும். அதனால சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்குக் கடுமையான ரத்தசோகை வரும். பலருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏத்த வேண்டியிருந்தது. அவங்களுக்கான 'எபோஜென்' மருந்துக்கு 1989 ஜூன் மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

ஆக, கம்பெனி தொடங்கி ஒன்பது வருஷம் சொந்த மருந்து எதுவும் சந்தையில் இல்லை. அந்தக் காலத்துல டிவிடெண்ட் குடுத்திருந்தா, முதலீட்டாளர் போட்ட காசை அவர் கையிலேயே திருப்பிக் குடுத்த மாதிரிதான்.

சரி, 1989-க்கு அப்புறம்? 1991-ல் கீமோதெரபி எடுப்பவர்களுக்கான 'நியூபோஜென்' வந்தது. லாபம் கொட்டியது. அப்பவும் டிவிடெண்ட் இல்லை.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு. சோப்பு கம்பெனி ஒரே சோப்பை அம்பது வருஷம் விக்கலாம். மருந்துக்கு காப்புரிமை முடியுற தேதி உண்டு. அது முடிஞ்சா மத்தவங்களும் அதைத் தயாரிக்கலாம், விலை சரியும். அடுத்த மருந்தைக் கண்டுபிடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆகலாம். மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் மருந்துகளில் பத்துக்கு ஒன்பது தேறுவதில்லை. அதனால இன்னிக்கு வர்ற லாபம் விதை நெல் மாதிரி. அதைப் பொங்கிச் சாப்பிட்டா அடுத்த போகம் இல்லை. பங்குதாரர்களும் கேட்கலை, ஏன்னா ஷேர் விலை ஏறிக்கிட்டே இருந்தது.

2000-க்கு அப்புறம் அந்த ஏற்றம் நின்னுபோச்சு. 2007-ல் இந்த வகை ரத்தசோகை மருந்துகளுக்கு எஃப்.டி.ஏ. கடுமையான எச்சரிக்கை விதிக்க, விற்பனையும் அடி வாங்கியது. 2011-ல் ஷேர் விலை கிட்டத்தட்ட பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்த இடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தது. வளர்ச்சியும் இல்ல, டிவிடெண்டும் இல்லன்னா அப்புறம் எதுக்கு இந்த ஷேரை வெச்சிருக்கணும்? அந்த வருஷம்தான் ஆம்ஜென் தன் முதல் டிவிடெண்டை அறிவித்தது. மூணு மாசத்துக்கு ஒருமுறை, பங்குக்கு 28 சென்ட். அதுக்கப்புறம் மருந்துகளும் வந்தன, ஷேரும் ஏறியது. 2024-ல் அந்த 28 சென்ட் 2.25 டாலர் ஆகியிருந்தது.

இப்போ ரெண்டாவது கம்பெனி, 1987-ல் தொடங்கிய கிலியட். 2013 டிசம்பரில் இவங்களோட 'சோவால்டி' மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஹெபடைடிஸ் சி-யை குணப்படுத்தும் மாத்திரை. ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். இந்த விலையைப் பற்றி அமெரிக்க செனட்டர்கள் விசாரணையே நடத்தினாங்க. பணம் குவிந்தது. 2015-ல் கிலியட் முதல் டிவிடெண்டை அறிவித்தது, 43 சென்ட்.

அதே வருஷம் ஷேர் 120 டாலரைத் தொட்டது. அதுக்கப்புறம் இறக்கம்தான். ஏன்னா மருந்து அவ்வளவு நல்லா வேலை செஞ்சது. குணமான நோயாளி திரும்ப வாங்க வரமாட்டார். போட்டி மருந்துகளும் வந்து விலையை இறக்கின. 2015-ல் சுமார் 1,900 கோடி டாலராக இருந்த ஹெபடைடிஸ் சி மருந்து விற்பனை, 2018-ல் 400 கோடிக்கும் கீழே போனது. அந்த வருஷக் கடைசியில் ஷேர் விலை அறுபது டாலர் சொச்சம். இவ்வளவு நடந்தும் டிவிடெண்ட் ஒரு தடவைகூட குறையலை, வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் இருந்தது.

ரெண்டு கம்பெனியும் எடுத்தது ஒரே முடிவு. அதுக்கப்புறம் நடந்தது நேர்மாறு. டிவிடெண்ட் நேத்து வித்த மருந்தைப் பத்திச் சொல்லுது. நாளைக்கு வரப்போற மருந்தைப் பத்தி அது வாயே திறக்காது. அதுக்கு, எந்தக் காப்புரிமை எப்போ முடியுது, சோதனையில் என்ன இருக்கு, டிவிடெண்ட் போக ஆராய்ச்சிக்கு எவ்வளவு மிஞ்சுதுன்னு ஆண்டறிக்கையைப் புரட்டணும்.

போன தடவை ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட இதைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அந்த முப்பத்தோரு வருஷமும் காசு வராம எப்படிடா பொறுமையா இருந்தாங்க?"ன்னார். எல்லாரும் இருந்திருக்க மாட்டாங்க, பாதியிலேயே வித்தவங்களும் இருப்பாங்கன்னேன். "நான் வித்திருப்பேன்"ன்னார். நானும் வித்திருப்பேன்னுதான் நினைக்கிறேன்.

வழக்கம்போல, இது எந்த ஷேரையும் வாங்கவோ விக்கவோ சொல்ற ஆலோசனை இல்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.