மண் மறவாது

தொழிற்சாலைகளின் தோற்றத்தை நாம் வரலாறாக எழுதுகிறோம். அவை மறைந்தபின் நிலத்துக்கு நேர்வதும் வரலாறே என்பது என் துணிபு.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், யூனியன் ஏரிக்கரையில், 1906-ஆம் ஆண்டு ஓர் எரிவாயு ஆலை எழுந்தது. முதலில் நிலக்கரியிலிருந்தும் பின்னர் எண்ணெயிலிருந்தும் வாயு வடித்து அது நகருக்கு அளித்தது. குழாய்வழியே இயற்கை வாயு வரவே, 1956-இல் ஆலை நின்றது. எஞ்சியவை துருவேறிய கோபுரங்களும், தாரும் பென்சீனும் ஊறிய மண்ணுமே.

அந்நிலத்தைப் பூங்காவாக்கும் பொறுப்பு 1970-இல் ரிச்சர்டு ஹாக் என்னும் நிலவடிவமைப்புக் கலைஞரிடம் வந்தது. கோபுரங்களை இடிக்க அவர் இசையவில்லை. சாக்கடைக் கசடையும் மரத்தூளையும் மண்ணில் கலந்து உழுவித்தார். எண்ணெய்க் கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் அதனால் பெருகின. இடிபாடுகளைக் குவித்து, மேலே நல்ல மண் போர்த்திக் குன்றாக்கினார். 1975-இல் பூங்கா திறக்கப்பட்டது.

ஆயினும் நஞ்சு முற்றும் நீங்கவில்லை. மண்ணில் அது எஞ்சியிருப்பது தெரிந்து, 1984-இல் பூங்காவைச் சிலகாலம் மூடி, மேலும் மண் போர்த்தினர். ஏரியின் அடிச்சேற்றிலும் நஞ்சு படிந்திருந்தது.

நேயர்களே, ஐம்பதாண்டு ஆக்கத்தின் கறை அதனினும் நெடுநாள் நின்றது. ஆலைக்குக் கால்கோள் செய்யும் நாளிலேயே அதன் துப்புரவுச் செலவையும் கணக்கில் எழுதுவதன்றோ நேர்மை?